இரவற் குரலில் பாடியவர்கள்

சில வாரங்களுக்கு முன்னர் எமது நகரத்தில் நடைபெற்ற ஒன்றுகூடல் ஒன்றில், பதினாறு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மேடையேறி ரி. எம். சௌந்தரராஜனின் குரலில் மூன்று பாடல்களைப் பாடினான். கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கு இசைத்தட்டுச் சுழல்வது போலவே இருந்திருக்கும். மண்டபம் கைதட்டி ஆரவாரித்தது. எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் அருகிலிருந்தவரிடம், "நல்லாத்தான் பாடுறான். ஆனால் நகல் நகல்தானே, தம்பி" என்றார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். எனினும் அச்சொல் வீடு வந்து சேரும் வரையில் என்னுடனேயே வந்தது.

பெரியவரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. பல ஆண்டுகளாக நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். அண்மைக்காலமாக நான் வாசித்து வரும் சில நூல்கள் அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துவிட்டன. ஆசிய நாடுகளில் அமெரிக்கப் படைத்தளங்களை ஒட்டி முளைத்த நகரங்களைப் பற்றிய நூல்கள் அவை. அந்நகரங்களின் மேடைகளில் அமெரிக்கப் புகழ்பெற்ற பாடகர்களைப் போலவே உடுத்து, அவர்களைப் போலவே அசைந்து, அவர்களுடைய குரலிலேயே பாடிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுள் கொரியர்களின் கதையே என்னை அதிகம் பாதித்தது. போரினால் வீடிழந்த குடும்பங்களின் கதை என்பதால் எமது வாசகர்களுக்கும் அது அந்நியமாக இராது.

கொரியப் போர் 1953 ஆம் ஆண்டு ஜூலை 27 ஆம் திகதி ஒரு போர்நிறுத்த உடன்படிக்கையுடன் ஓய்ந்தது. சமாதான ஒப்பந்தம் எதுவும் கைச்சாத்தாகவில்லை. ஆகவே அமெரிக்கப் படைகள் அங்கேயே தங்கின. அமெரிக்காவின் எட்டாவது இராணுவம் தலைநகர் சியோலின் யொங்சான் பகுதியில் தலைமையகம் அமைத்தது. முகாம்களின் வாயில்களுக்கு வெளியே, கொரியர்கள் 'கிஜிசோன்' என அழைத்த தள நகரங்கள் தோன்றின. நாடு சாம்பலாகிக் கிடந்த அவ்வேளையில் பணமும் உணவும் புழங்கிய இடங்களில் அந்த முகாம் வாயில் முதன்மையானது. சலவைக்காரர், சப்பாத்துத் துடைக்கும் சிறுவர், தையற்காரர், மதுச்சாலைப் பெண்கள் என ஊரே அந்த வாயிலைப் பார்த்து நின்றது. பாடகர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

வீட்டை விட்டுத் தொலைவில் கிடக்கும் படையினனுக்குத் தன் ஊர்ப் பாட்டு வேண்டும். 1954 பெப்ரவரியில் மர்லின் மன்றோ கொரியாவுக்கு வந்து, நான்கு நாட்கள் முகாம் முகாமாகச் சென்று கடுங்குளிரில் மெல்லிய உடையுடன் பாடினார். அதன் புகைப்படங்கள் உலகெங்கும் பிரசுரமாயின. ஆனால் மன்றோ நான்கு நாட்கள்தான் இருந்தார். ஆண்டின் மீதி நாட்களுக்கு? அவற்றுக்குத்தான் கொரியர்கள் தேவைப்பட்டார்கள்.

மேடையேற விரும்பிய ஒவ்வொரு குழுவும் முதலில் படையினர் அமைத்த தேர்வுச் சபைக்கு முன்னால் பாடிக் காட்ட வேண்டும். சபை தரம் பிரிக்கும். அத்தரத்தைப் பொறுத்தே கூலியும் பாடக் கிடைக்கும் மண்டபமும் அமையும். ஒரு முறை தேறியவுடன் கவலை தீர்ந்துவிடுவதில்லை. சில மாதங்களுக்கொரு தடவை மீண்டும் அதே மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அமெரிக்காவில் அப்போது எந்தப் பாட்டுப் பிரபலமோ அதனை அந்த இடைவெளிக்குள் கற்றிருக்க வேண்டும். பாட்டில் அமெரிக்க மணம் எவ்வளவுக்கு இருந்ததோ அவ்வளவுக்கு நல்ல தரம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதிர்பார்க்கும் தொனியில், அவர் நம்பும் விதத்தில் பேசிக் காட்டுவது எத்தகைய வேலை என்பதை அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போய்வந்த எவருக்கும் நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னுமொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்கப் படை ஒரே ரசனையுள்ள கூட்டம் அன்று. அதிகாரிகளின் மண்டபத்தில் மென்மையான ஜாஸ் வேண்டும். தென் மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையினப் படையினருக்கு அவர்களது நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள் வேண்டும். கறுப்பினப் படையினர் கூடும் இடத்தில் அவர்களுடைய தாள இசை வேண்டும். ஒரே குழு இவை அனைத்துக்கும் முகத்தை மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் தங்களுக்குள்ளேயே கலந்து பழகாத அந்தக் காலத்தில், அவர்கள் எல்லோருடைய பாட்டையும் தெரிந்து வைத்திருந்தவன் ஒரு கொரிய கிற்றார்க்காரன் என்பது வேடிக்கையல்லவா?

அந்தப் பாட்டுகளைக் கற்ற விதமும் கவனிக்கத்தக்கது. இசைப்பள்ளி எதுவுமில்லை. அமெரிக்கப் படையினரின் வானொலியே பள்ளி. படையினர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளே பாடநூல்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் அதன் ஒலிகளைத் தமது எழுத்தில் எழுதி, பொருள் புரியாமலே மனனம் செய்தார்கள். "மை நேம் இஸ்" என்று தமிழில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கான நேர்முகத்துக்குப் போனவர்கள் எம்மிலும் உண்டு. இதனை எழுதுபவனும் அவர்களில் ஒருவன்.

இந்த உலகில் இருந்து வந்தவர்கள்தாம் கிம் சகோதரிகள். அவர்களுடைய தாய் லீ நான்-யங், 1935 இல் வெளிவந்த 'மொக்போவின் கண்ணீர்' என்ற பாடலினால் கொரியா முழுவதும் அறியப்பட்டவர். ஜப்பானியர் ஆட்சியில் நொந்திருந்த மக்கள் அப்பாடலைத் தமது சொந்தத் துயரமாகவே கேட்டார்கள். கணவர் கிம் ஹே-சொங் பெயர்பெற்ற இசையமைப்பாளர். 1950 இல் போர் மூண்டபோது வடகொரியப் படையினர் அவரைப் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பி வரவேயில்லை. ஏழு பிள்ளைகளோடு அத்தாய் தனித்து நின்றார்.

நாடே அறிந்த அப்பாடகி அதன் பின்னர் அமெரிக்கப் படையினருக்கு முன்னால் பாடிப் பிள்ளைகளுக்குச் சோறு தேடினார். அது போதாமற் போகவே பிள்ளைகளையும் மேடையேற்றினார். மகள்மார் சூக்-ஜா, ஐ-ஜா ஆகியோருடன் தன் சகோதரனின் மகள் மின்-ஜாவையும் சேர்த்து மூவர் குழு ஒன்றை அமைத்தார். அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த அன்ட்ரூஸ் சகோதரிகளின் பாணியில் மூன்று குரல்களும் இணைந்து ஒலிக்கும்படி இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கினார். பாடும் சொற்களின் பொருள் அச்சிறுமிகளுக்குத் தெரியாது. பாடி முடித்ததும் படையினர் கொடுத்தவை விஸ்கிப் போத்தல்களும் பியரும் சொக்கலேற்றும்தான். படையினருக்குச் சம்பளமாக வழங்கப்பட்ட இராணுவச் சீட்டுகளைக் கொரியர்கள் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது. விஸ்கி அப்படியன்று. கறுப்புச் சந்தைக்குப் போனால் அது அரிசியாகிவிடும்.

ஒரு போத்தல் விஸ்கி ஒரு வீட்டின் சமையலாக மாறும் இந்த விந்தையை நாவலாகவும் வாசிக்கலாம். ஹைன்ஸ் இன்சு ஃபெங்க்ல் என்பவர் 1996 இல் வெளியிட்ட, தனது இளமைக்காலத்தைத் தழுவிய நாவலில், கொரியத் தாய் ஒருத்தி முகாம் கடைப் பொருட்களை வெளியே விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். தந்தை அமெரிக்கப் படையினன். படைத்தள நகரத்தில் வளரும் பிள்ளையின் கண்ணால் எழுதப்பட்ட அந்நூலில் பெரிய சம்பவங்களைவிடச் சோறும் கடனும் தொலைந்துபோகும் பிள்ளைகளுமே மனதில் நிற்கின்றன. வாய்ப்புள்ளவர்கள் தேடி வாசிக்க வேண்டும்.

கிம் சகோதரிகள் 1959 இல் அமெரிக்காவுக்குப் போனார்கள். லாஸ் வெகாஸ் நகரின் தண்டர்பேர்ட் விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் பார்த்த எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பல தடவைகள் தோன்றினார்கள். பத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்களை வாசித்துக் காட்டினார்கள். ஆனால் தண்டர்பேர்ட் விடுதியில் அவர்களை மேடையேற்றிய நிகழ்ச்சியின் பெயரைக் கவனியுங்கள்: 'சீனப் பொம்மை'. மூவரும் கொரியர்கள். சீனம் அவர்களுடைய மொழியுமன்று, நாடுமன்று. சியோலில் அமெரிக்கர்களைப் போல இருந்தமையால் கூலி பெற்ற பிள்ளைகள், அமெரிக்காவில் அமெரிக்கர் மனதில் வைத்திருந்த ஓர் ஆசியப் பெண்ணைப் போல இருக்க வேண்டியதாயிற்று. கடலைக் கடந்த பின்னரும் பாத்திரம்தான் மாறியது.

இவ்விடத்தில்தான் எனது கருத்து வேறுபடுகிறது. 'நகல்' என்று சொல்லும்போது நாம் மேடையில் நிற்பவரை மட்டும் பார்த்துச் சொல்கிறோம். கீழே அமர்ந்து பணம் கொடுப்பவரைப் பார்ப்பதில்லை. லீ நான்-யங்குக்குச் சொந்தக் குரல் இருந்தது. ஒரு தேசமே அழுது கேட்ட குரல் அது. அந்தக் குரலை விலை கொடுத்து வாங்க 1953 இல் கொரியரிடம் காசில்லை. காசு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை. இதில் போலி யார்?

கொரியர்களே இவர்களை இகழ்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடைக் கலைஞரை இழித்துக் கூறும் 'தந்தரா' என்ற சொல் அம்மொழியில் நீண்ட காலம் வழங்கியது. நாம் 'கூத்தாடி' என்பது போல. அந்நியப் படைக்கு ஆடிப் பாடியவர்கள் என்ற வசை வேறு. அந்நியப் படை ஒரு மண்ணில் நிலைகொள்வதன் கசப்பை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே அவ்வசையின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அக்கோபம் முகாமுக்குள் இருந்த தளபதியின் மேல் விழவில்லை. முகாம் வாயிலில் நின்ற பாடகியின் மேலும், அவளைவிட மோசமாக, மதுச்சாலையில் வேலை செய்த பெண்ணின் மேலும் விழுந்தது. வலியவனைத் தொட முடியாதபோது அயலவளைத் தூற்றுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

எல்லோரும் நகலாகவே முடிந்தார்களா என்றால் அதுவுமில்லை. 1938 இல் பிறந்த சின் ஜுங்-ஹியொன், போரின் பின் பெற்றோரை இழந்த நிலையில் தானாகவே கிற்றார் கற்று, ஐம்பதுகளின் பிற்பகுதியில் எட்டாவது இராணுவ மேடைகளுக்கு வந்தவர். அமெரிக்கப் படையினரின் ரசனைக்கேற்ப அவர்களுடைய பாட்டையெல்லாம் ஆண்டுக்கணக்கில் வாசித்தார். அறுபதுகளில் சொந்தக் குழு அமைத்துக் கொரிய மொழியில் பாடல் எழுதத் தொடங்கினார். இன்று கொரிய றொக் இசையின் தந்தை என அவரையே சொல்கிறார்கள். எழுபதுகளில் அவர் அமைத்த குழுவொன்றின் பெயர் 'யொப்ஜொன்', அதாவது பழைய செல்லாக்காசு. கொரியர்கள் தம்மைத் தாமே இழித்துச் சொல்லும் சொல் அது. அதையே எடுத்துக் குழுவுக்குப் பெயராகச் சூட்டினார். 1974 இல் வந்த அக்குழுவின் 'மீன்' (அழகி என்று பொருள்) என்ற பாடல் நாடெங்கும் ஒலித்தது.

அவருக்கு நேர்ந்த இன்னலையும் சொல்ல வேண்டும். சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக 1972 இல் நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பாடும் பாடலொன்றை வெளியிட்டார். 1975 இல் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதானார். அவருடைய பாடல்கள் தடைசெய்யப்பட்டன. 1979 ஒக்ரோபரில் பார்க் கொல்லப்பட்ட பின்னரே அவரால் மீண்டும் மேடையேற முடிந்தது. அந்நியரின் பாட்டை அச்சொட்டாக வாசித்த காலத்தில் எவரும் அவரைச் சிறையில் தள்ளவில்லை. சொந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிய பிறகே அவர் ஆபத்தானவரானார்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் கதை வேறு விதமானது. சுபிக் குடாவில் அமைந்திருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் வாயிலில் இருந்த ஒலொங்கப்போ நகரம், 1959 வரையில் அக்கடற்படையின் நிர்வாகத்திலேயே இருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் கப்பல்கள் வந்து நிற்கும் இரவுகளில் அதன் பிரதான வீதியான மக்சேசே வீதியின் விடுதிகளெல்லாம் அமெரிக்கப் பாட்டாலேயே அதிர்ந்தன. நாடு முழுவதிலும் இந்த வழக்கம் ஊறியிருந்தது. எடி மேசா என்ற நடிகர் 'பிலிப்பைன்ஸின் எல்விஸ் பிறெஸ்லி' என்றே விளம்பரப்படுத்தப்பட்டார். எண்பதுகளில் அங்கு சென்ற பயண எழுத்தாளர் பிக்கோ ஐயர், அமெரிக்கப் பாடல்களை அந்நாட்டவர் பிசகின்றிப் பாடும் திறமையைக் கண்டு வியந்தும் வருந்தியும் எழுதினார். 1988 இல் வெளியான அவரது நூலை விரும்பி வாசித்தேன். ஆயினும் திரும்பிப் போக விமானச்சீட்டு வைத்திருப்பவரின் வருத்தத்தில் ஏதோ ஒன்று குறைகிறது. பாடுகிறவன் அன்றிரவு வீட்டுக்கு எவ்வளவு கொண்டு போனான் என்று அவர் கேட்டிருக்கலாம்.

1991 ஜூனில் பினட்டுபோ எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிலிப்பைன்ஸ் செனற் சபை, தளத்தைத் தொடரும் உடன்படிக்கையைப் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற வாக்குகளால் நிராகரித்தது. 1992 நவம்பரில் கடைசிக் கப்பல் புறப்பட்டது. தேசத்துக்கு அது வெற்றி. நான் அப்படியே கருதுகிறேன். விடுதிகளில் பாடியவர்கள்? பிலிப்பைன்ஸ் பாடகர்கள் பலர் ஹொங்கொங், ஜப்பான் என்று புறப்பட்டார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து பிலிப்பைன்ஸ் பெண்கள் கலைஞர் விசாவில் தென்கொரியாவுக்கு வரத் தொடங்கினர். எங்கே தெரியுமா? அதே அமெரிக்க முகாம்களின் வாயிலில் இருந்த விடுதிகளுக்கு. கொரியா செல்வந்த நாடாகிவிட்டது. கொரியப் பெண்கள் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பாடகியாக ஒப்பந்தம் எழுதி வந்த பலர், மேடைக்குப் பதிலாகப் படையினனிடம் விலையுயர்ந்த பானம் வாங்கச் சொல்லி அருகில் அமரும் வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். முகவருக்கும் விடுதிக்காரருக்கும் கடவுச்சீட்டைக் கையளித்துவிட்டு நின்றவர்களும் அவர்களுள் உண்டு. முகவர், கடன், கடவுச்சீட்டு: இம்மூன்று சொற்களையும் எம்மவர் எவரும் சாதாரணமாகக் கடந்து போக மாட்டார்கள்.

ஒரேயொரு விசித்திரமான விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாய் இறந்தபின் குடும்பம் சிதறி, மணிலாத் தெருக்களில் படுத்துறங்கிய ஆர்னெல் பினேடா என்ற சிறுவன் வளர்ந்து விடுதிப் பாடகனானான். ஹொங்கொங்கில் பல ஆண்டுகள் பாடினான். 'ஜேர்னி' என்ற அமெரிக்கக் குழுவின் பாடல்களை அவன் பாடிய ஒளிப்பதிவு ஒன்றை, 2007 இல் அக்குழுவின் கிற்றார்க் கலைஞரே இணையத்தில் கண்டார். தமது பழைய பாடகர் ஸ்ரீவ் பெரியின் குரல் அப்படியே இருப்பதைக் கேட்டு, அவனை அழைத்துத் தமது பாடகராகவே ஆக்கினார். நகல் எடுத்தவனுக்கு மூலத்தின் இடமே கிடைத்தது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் பெருங்கூட்டங்களின் முன்னிலையில் பாடிய பின்னரும் "பெரியைப் போல இருக்கிறதா?" என்றே அவரை அளந்தார்கள். தேர்வுச் சபையின் மேசை அளவில் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி, எமது மண்டபத்துச் சிறுவனுக்கு வருவோம். அவனைப் படைமுகாமில் பாடியவர்களோடு சரிக்குச் சரி நிறுத்துவது பொருந்தாது. அவன் அந்நியருக்குப் பாடவில்லை, பசிக்கும் பாடவில்லை. தாத்தாவின் ஒலிநாடாக்களிலிருந்து கற்ற பாட்டைத் தாத்தாவின் தலைமுறைக்குப் பாடினான். ஆயினும் பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி முன்வரிசையில் அமர்ந்தவர்கள் நாம்தான் என்பதை மறந்துவிடலாகாது. அவன் தன் குரலில் பாடினால் நாம் அவ்வளவு நேரம் கைதட்டியிருப்போமா? நிகழ்ச்சி நடத்துவோர் பிள்ளைகளை அறிமுகப்படுத்தும்போது "எங்கள் நகரத்தின் எஸ். பி. பி.", "எங்கள் ஊர்ச் சுசீலா" என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளையின் சொந்தப் பெயர் கடைசியில், ஒலிவாங்கி கரகரக்கும் வேளையில் வருகிறது. இப்படியெல்லாம் பட்டம் சூட்டி அழைத்த பின்னர் வாயிலில் நின்று "நகல்தானே" என்று முகம் சுளிப்பது நியாயமன்று.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அச்சிறுவன் வாகனத் தரிப்பிடத்தில் தந்தையோடு ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். நானும் ஒரு கை கொடுத்தேன். சொந்தமாக ஏதாவது பாடுவதுண்டா என்று கேட்டேன். இரண்டு பாட்டு எழுதி வைத்திருப்பதாகவும், ஒன்று பாதித் தமிழ், பாதி இந்நாட்டு மொழி என்றும் சொன்னான். "மேடையில் பாடேலாது, அங்கிள். அவங்கள் லிஸ்ற் தந்துதான் கூப்பிடுறவை" என்றான்.

மார்கழி விழாவுக்கான நிகழ்ச்சி நிரல் இன்னமும் முடிவாகவில்லை என அறிகிறேன். ஏற்பாட்டாளர்கள் இதனை வாசிப்பார்களாயின், அந்தப் பட்டியலில் பத்து நிமிடங்களை எழுதாமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நான் தருவேன்.